கொடியின் குலமும் நோயின் குணமும்

புனேயில் வாழும் நம்மவர் இல்லங்களில் மாசியும் பங்குனியும் திராட்சைக் காலம். கடைத்தெருவில் குவிந்திருக்கும் விதையில்லாப் பச்சைத் திராட்சையைப் பேரம் பேசி வாங்குகிறோம். குழந்தைகள் உவந்து உண்கின்றனர். அக்குலை நம் கைக்கு வருமுன் எத்தகைய பகையைக் கடந்து வந்தது என்பதை நம்மிற் சிலரே அறிவர்.

இரயில்வே குமாஸ்தாவுக்குத் திராட்சைக் கொடியோடு என்ன உறவு என்று அன்பர்கள் நகைக்கலாம். நாராயண்காவ் பக்கத்து விவசாயி ஒருவர் அலுவல் காரணமாக நம்மிடம் வந்து பழகியவர். அவரை நாம் ‘காகா’ என்றே அழைப்போம். 2009 நவம்பரில் பியான் புயலையொட்டிப் பெய்த மழையை அவர் இன்றும் மறவார். அவ்வாண்டு அவர் தோட்டத்தை அடிச்சாம்பல் நோய் அழித்தது. மகளின் திருமணம் ஓராண்டு தள்ளிப்போயிற்று.

இங்குக் காய்ப்புக்கான கவாத்து அக்டோபரையொட்டி நடைபெறும். அதன்பின் துளிர்க்கும் இளந்தளிர் நனைந்தால் நோய்க்குக் கொண்டாட்டம். இலையின் மேற்புறம் எண்ணெய்ப் புள்ளிகள், அடிப்புறம் வெண்படலம். நோய் வித்துக்கள் நீரில் நீந்தி இலைத் துளைகளின் வழியே உட்புகும். பூங்கொத்தும் பிஞ்சும் கருகும்.

இந்நோயின் தாயகம் வட அமெரிக்கா. 1878-இல் அது பிரான்சில் காணப்பட்டது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையே இதற்கு மருந்து என மில்லார்டே என்னும் பேராசிரியர் 1885-இல் வெளியிட்டார். அமெரிக்கக் கொடிகள் தலைமுறை தலைமுறையாக இப்பகையுடன் வாழ்ந்து தாங்கும் வலிமை பெற்றவை. ஐரோப்பியக் கொடிகளோ அதனை அறியாமலே வளர்ந்தவை. ஆதலின் எளிதில் வீழ்ந்தன.

மது வடிக்க நாசிக்கிலும் புனே வட்டாரத்திலும் பயிராகும் செனின் பிளாங்க், சாவினோன் பிளாங்க், ஷிராஸ், கபர்னே சாவினோன் யாவும் ஐரோப்பியக் குலத்தனவே. மெல்லிய தோலும் நெருங்கிய குலையும் உடைய செனின் பிளாங்க் மழையில் எளிதில் அழுகும். தடித்த தோலுள்ள கபர்னே அழுகலை ஓரளவு தாங்கும். ஆயினும் அடிச்சாம்பல் நோய்க்கு முன் இரண்டிற்கும் மருந்தே காவல். நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையும் இக்குலத்ததே; அதற்கும் இந்நோய் அச்சம் உண்டு. பெங்களூர் புளூவோ அமெரிக்கக் கலப்புடையது.

இவ்வுண்மையை உணர்ந்தே நம் புனேயின் அகர்க்கர் ஆய்வு நிலையத்தார் அமெரிக்கக் கட்டாபாவையும் ஐரோப்பிய பியூட்டி சீட்லஸையும் இணைத்து, பூஞ்சண நோய்களைத் தாங்கும் ‘ஏ.ஆர்.ஐ.–516’ என்னும் இரகத்தைக் கண்டனர். சாற்றுக்கும் சிவப்பு மதுவுக்கும் அது ஏற்றது. மஞ்சரியில் 1997 முதல் இயங்கும் தேசியத் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் விவசாயிக்கு வழிகாட்டி வருகிறது.

எனினும் நோய் தாங்கும் இரகங்களிற் பலவற்றுக்கு விதையும் தடித்த தோலும் தனி மணமும் உண்டு. நமக்கோ விதை ஆகாது, தோல் தடிக்கலாகாது. நம் நாவின் விருப்பத்திற்காகவே விவசாயி மென்மையான கொடியை நட்டு, மேகம் கறுக்கும்போதெல்லாம் மருந்துக் குழாயுடன் ஓடுகிறார்.

ஆகவே அன்பர்களே, கருந்திராட்சையில் விதையிருப்பதைக் குறையாக எண்ணாது அதையும் வீட்டுக்குக் கொண்டு வருவோம். பருவம் தவறிய மழைக்குப்பின் விலை உயர்ந்தால், அவ்வுயர்வுக்குப் பின்னே ஒரு குடும்பத்தின் இழப்பு இருப்பதை எண்ணிப் பேரத்தைச் சற்றே குறைப்போம்.