தாகம்

கதீற்றர் எனப்படும் சிறுநீர்க் குழாயுடன் வீடு திரும்பிய அப்பா, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். பை நிரம்பினால் பிறரைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம். சில நாட்களில் சிறுநீர் கடுந்தேநீரின் நிறமாயிற்று, குழாயும் அடைத்துக்கொண்டது.

நீர் குறைந்தால் சிறுநீர் செறிவுற்று அடைப்புக்கும் தொற்றுக்கும் வழிவகுக்கும். மலச்சிக்கலும் ஓட்டத்தைத் தடுக்கும் என்று தாதி விளக்கினார். அன்றிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லீற்றர் நீராகாரம், சிவப்பரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, முருங்கையிலை வறை, பப்பாசிப்பழம். (இருதய, சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரிடம் அளவு கேட்டே பருகவேண்டும்.) பையை வெறுமையாக்கும் பொறுப்பை, அவர் கூப்பிடுமுன்பே, நானே ஏற்றுக்கொண்டேன்.

முப்பது ஆண்டுகளாக ஊர்ச் செய்திகளை எழுதியவனுக்கு, வீட்டில் ஒருவர் தாகத்தோடிருந்தது தெரியாமற் போயிற்று.