மூன்று நாள் விருந்தாளி

சென்ற ஷவ்வால் மாதத்தில் பினாங்கிலிருந்து எங்கள் பெரியம்மா வந்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்காள். பத்து வயதில் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிப் போனவர், எழுபதைத் தாண்டிய பிறகு திருச்சியைப் பார்க்க விரும்பினார். தொலைபேசியில் அவர் கேட்டவை மூன்று. ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஊர்ச் சாப்பாடு சாப்பிட வேண்டும். மூக்குத்திக்கு ஒரு திருச்சிக் கல் வாங்க வேண்டும். எங்கே தங்குவது என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதை நாங்கள்தான் பெரிய விஷயமாக்கினோம்.

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீடு இரண்டு அறைகள் கொண்டது. ஒன்றில் அத்தா படுத்திருப்பார். இரவில் இருமுவார். முதிய முழங்கால்களுக்கு ஏற்ற கழிப்பறையும் இல்லை. இவற்றையெல்லாம் காரணமாகச் சொல்லிக் கன்டோன்மெண்டில் ஒரு விடுதியில் அறை பதிவு செய்தோம். சொன்ன காரணங்கள் பொய்யல்ல. ஆனால் பெரியம்மாவின் வீட்டுப் படங்களைக் கைப்பேசியில் பார்த்த பிறகே அவை எங்களுக்குத் தோன்றின என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விடுதி அறை தூய்மையாகவே இருந்தது. இஷா நேரத்தில் பெரியம்மா கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டார்; வரவேற்பிலிருந்த இளைஞருக்குத் தெரியவில்லை. நாங்கள் கைப்பேசியில் பார்த்து, மேற்குக்குச் சற்று வடக்கே என்று காட்டிவிட்டு வீடு திரும்பினோம். மறுநாள் காலை போனபோது பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருந்தார். "பாங்குச் சத்தம் கேட்கலை. பக்கத்தில் ஆளும் இல்லை. உங்க வீட்டில் ஒரு பாய் விரிக்க இடம் இருக்குமா?" என்றார். விருந்தாளியின் உரிமை மூன்று நாள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்க, முதல் இரவையே நாங்கள் வாடகைக்கு விட்டிருந்தோம்.

அன்று நத்தர்வலி தர்காவுக்கு அழைத்துச் சென்றோம். தர்காவுக்குப் போவது குறித்து நம் வீடுகளில் ஒரே கருத்து இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை. ஊர் வரலாற்றைப் பார்க்கப் போகிறோம் என்றதும் எல்லாரும் வந்தார்கள். நத்தர்வலியின் பெயரால் இவ்வூருக்கு நத்தர் நகர் என்றும் ஒரு பெயர் வழங்கியது. ஆற்காட்டு நவாபுப் பதவிக்காக மோதிக்கொண்ட இருவரும் அங்கே அடங்கியிருக்கிறார்கள்: 1752-இல் கொல்லப்பட்ட சந்தா சாகிப், 1795-இல் மறைந்த முகம்மது அலி வாலாஜா. உயிரோடு இருந்தவரை ஒரே ஊரில் சேர்ந்திருக்க முடியாதவர்கள். பெரியம்மா ஸலாம் சொல்லி, துஆ செய்துவிட்டு, "பாவம்" என்று மட்டும் சொன்னார்.

மதியம் வீட்டில் நெய்ச்சோறும் தால்சாவும். எலும்புக்கறி, பருப்பு, கத்தரிக்காய், மாங்காய் என்று எங்கள் வழக்கப்படி வைத்திருந்தோம். ஒரு வாய் உண்டதும் பெரியம்மா நிறுத்திவிட்டார். உப்பு கூடிவிட்டதோ என்று நாங்கள் பதறினோம். "மாங்காய்" என்றார். பினாங்கிலும் அதற்குத் தால்சா என்றே பெயர். மலாய்க்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்களாம். ஆனால் அவர் வீட்டில் உருளைக்கிழங்கு போட்டு, புளி சற்றுக் கூட்டிச் செய்வார்களாம். மாங்காய் போட்டது அவருடைய தாயார் கையால் உண்டதோடு சரி. பிறகு நாசி கண்டார் பற்றிப் பேச்சு போயிற்று. தோளில் தண்டு போட்டு, இரு பக்கமும் சோற்றையும் குழம்பையும் தூக்கிக்கொண்டு நம் ஆட்கள் தெருத்தெருவாக விற்றார்கள். அந்தத் தண்டின் பெயரே சோற்றுக்கும் பெயராகிவிட்டது. இன்று அது மலேசியா முழுவதற்குமான உணவு. எங்கள் பிள்ளைகள் அன்று உணவு முடிந்த பிறகும் கை காயக் காய உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் உறையூர். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் இவ்வூர்த் துணியைக் குறிப்பிடுவதாக அறிஞர்கள் கருதுகிறார்கள். மிகப் பழைய பெருமைதான். இன்று தறிச் சத்தத்தைத் தேடித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பெரியம்மா பருத்திச் சேலை இரண்டு எடுத்தார். விலை பேசவில்லை.

மாலையில் கடைவீதியில் ஒரு கடையில் கல் வாங்கினோம். "அசல் திருச்சிக் கல், கையால் பட்டை தீட்டியது" என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா அதை அத்தாவிடம் நீட்டி, "தம்பி, நல்லா இருக்கா பாருங்க" என்றார். அத்தா முப்பது வருடம் கல் பட்டை தீட்டியவர் என்பதை நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மலேசியாவில் எல்லாரும் வியாபாரிகள். இங்கே தந்தையார் கூலிக்குக் கல் தீட்டினார் என்று சொல்வானேன் என்று இருந்துவிட்டோம்.

அத்தா கல்லை வெளிச்சத்தில் திருப்பினார். "கல் நல்ல கல்தான். ஆனா இது மெஷின் தீட்டினது" என்றார். எப்படித் தெரியும் என்று பெரியம்மா கேட்டார். "எல்லாப் பட்டையும் ஒண்ணுபோல இருக்கு. கை அப்படிச் செய்யாது."

பிறகு எங்களிடம் பரணிலிருந்த தகரப் பெட்டியை எடுக்கச் சொன்னார். அரக்கு ஒட்டிய குச்சிகள், பூதக்கண்ணாடி, ஒரு தாள் மடிப்பில் ஏழு கற்கள். அரக்கை இளக்கிக் கல்லைக் குச்சி நுனியில் நிறுத்தி, சுழலும் தட்டில் வைத்துப் பட்டை பட்டையாகத் தீட்டுவதைச் சொல்லிக்கொண்டே போனார். மேலே நடுவில் ஒரு முகம், அதைச் சுற்றி 32, அடியில் 24, ஆக 57 பட்டைகள். கடுகைவிடச் சற்றே பெரிய கல்லிலும் அத்தனையும் வர வேண்டும். ஒரு காலத்தில் திருச்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் திண்ணைதோறும் இந்தத் தட்டு சுழன்றது. சீனாவிலிருந்து இயந்திரம் தீட்டிய கற்கள் மலிவாக வந்து இறங்கியதும் கூலி படிப்படியாகக் குறைந்தது. அத்தா ஒரு நாள் பெட்டியைப் பரணில் ஏற்றினார். இத்தனையையும் நாங்களே அன்றுதான் முழுமையாகக் கேட்டோம்.

மூன்றாம் நாள் காலை அத்தா ஏழில் ஒன்றை எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தார். பெரியம்மா விலை கேட்டார். "விருந்தாளிகிட்ட வாங்குவாங்களா?" என்று அத்தா முகம் சுளித்தார். பெரியம்மா விடவில்லை. "விருந்து எனக்குப் போதுமான அளவு கிடைச்சிருச்சு. இது உங்க கைக்கூலி. வியர்வை காயறதுக்கு முன்னே கொடுக்கச் சொன்ன மார்க்கம் தம்பி இது. இருபது வருஷம் காய்ஞ்சு போச்சு. நானாவது கொடுக்கறேன்."

நாங்கள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. விருந்தாளியிடம் பணம் வாங்குவது எங்களுக்கும் கூசியது. ஆனால் அத்தாவின் முகத்தைப் பார்த்தபோது அவர் மனத்துக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. சற்று நேரம் கழித்து அவர் ஒரு தொகை சொன்னார். பழைய கூலி, பெட்டியை மூடிய வருடத்தில் இருந்த விலை. பெரியம்மா அதை எண்ணிக் கொடுத்தார். ஒரு ரூபாய் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அத்தா பிஸ்மி சொல்லி வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார்.

மூன்று நாள் முடிந்ததென்று பெரியம்மா கிளம்ப முயன்றார். விடுதியில் கழிந்த இரவு கணக்கில் சேராது என்று சொல்லி இன்னொரு நாள் நிறுத்தி வைத்தோம். விமான நிலையத்தில் அவர் மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். பெரிய கடைவீதியில் ஓர் ஆசாரியிடம் கொடுத்து அதற்குள் கட்டி வாங்கியிருந்தார்.

தகரப் பெட்டி மீண்டும் பரணுக்குப் போகவில்லை. அத்தாவின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. சின்னவன் அஸருக்குப் பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவர் அருகே உட்காருகிறான். மீதி ஆறு கற்களிலும் பட்டைகளை எண்ணிப் பார்க்கிறான். இதுவரை ஒரு முறைகூட 57 வரவில்லை.