சத்தம் பிடிக்கிறவர்கள்

நாமக்கல் லாரி பாடி கட்டும் ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். வெல்டிங் பொறியும் பெயின்ட் வாடையுமான அந்தப் பட்டறைகளுக்கு நடுவே, காதை நம்பித் தொழில் செய்யும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அப்படி ஒருவருடைய பட்டறையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

மதியத்துக்கு மேல் ஒரு லாரி வந்தது. “மெதுவாப் போனா கீச்சு கீச்சுனு கத்துதுங்கண்ணா. பிரேக் லைனர் மாத்தியும் போகல” என்றார் ஓட்டுநர். மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார்.

“பிரேக்கை லேசா மிதிச்சா நிக்குதா?”

“இல்லீங்க.”

“நியூட்ரல்ல உருட்டினா?”

“அப்பவும் கத்துதுங்க.”

பிரேக், இன்ஜின் இரண்டின் மீதும் இருந்த சந்தேகம் இந்த இரண்டு பதில்களில் பெரும்பாலும் தீர்ந்தது. அடுத்து ஸ்பிரிங் பட்டைகளின் முனையில் உள்ள புஷ்களில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். உரசும் இடம் அதுவானால் நனைந்ததும் சத்தம் கொஞ்ச நேரம் அடங்கும். அடங்கவில்லை. ரப்பர் புஷ் கத்துகிறது என்று கிரீஸைப் பூசுகிறவர்கள் மேல் அவருக்குக் கோபம் உண்டு. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

பிறகு அவர் செய்ததுதான் என்னை அசத்தியது. பின்டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். வண்டியை நடை வேகத்தில் ஓட்டச் சொல்லி, கோட்டைப் பார்த்தபடி கூடவே நடந்தார். கோடு ஒரு சுற்று வருவதற்குள் சத்தம் பல தடவை வந்துவிட்டது. சக்கரத்தில் கோளாறு என்றால் பெரும்பாலும் சுற்றுக்கு ஒரு தடவைதான் கேட்கும். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாப்ட், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பல சுற்று சுற்றிவிடும். “ஷாப்ட்டுதான்” என்றார்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் படுத்து ஷாப்ட்டைக் கையால் சுற்றினார். ஷாப்ட்டை இணைக்கும் சிலுவை வடிவ ஜாயின்ட் கிராஸின் நான்கு கப்புகளில் ஒன்றைச் சுற்றி மெல்லிய செந்தூள் படிந்திருந்தது. கிரீஸ் வற்றி, உள்ளே இருக்கும் ஊசி பேரிங் துருப்பிடித்து அரைபட்ட தூள் அது. அப்படியே விட்டிருந்தால் வண்டி ஓடும்போதே கிராஸ் உடைந்து ஷாப்ட் கழன்று விழுந்திருக்கலாம். அதன் முன்முனை சாலையில் குத்தினால் லாரியையே தூக்கிவிடும்.

புது கிராஸ் போட்டு, நான்கு கப்பிலும் வெளியே பிதுங்கும்வரை கிரீஸ் அடித்தார்கள். சத்தம் நின்றது.

பில்லில் கிராஸின் விலையும் மாட்டிய கூலியும் மட்டுமே இருந்தன. கேட்டு, நடந்து, கண்டுபிடித்த வேலைக்கு ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை உங்கள் வண்டியின் சத்தத்தை ஒருவர் கண்டுபிடித்துக் கொடுத்தால், கண்டுபிடித்ததற்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.