46இலிருந்து 50

கம்பஸ் கடைசி வருசப் புரொஜெக்டுக்கு, தடத்தின் முடிவில் சமிக்ஞை திரும்பி வராமல் உறிஞ்ச 50 ஓம் தடையி ஒன்று தேவை. கடையில வாங்கலாமே எண்டு அம்மா கேட்டா. வைஃபை போற 2.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில, கால் நீண்ட தடையி கம்பிச் சுருள் மாதிரியும் நடக்கத் தொடங்கிவிடும். அதாலதான் போர்ட்டிலேயே காபன் மையால மெல்லிய படலமாக அச்சடிக்கிறது.

கணக்கு லேசு. தடிப்பு மாறாவிட்டால், சதுரம் சின்னதோ பெரிதோ தடை ஒன்றுதான். என்ர மை சதுரத்துக்கு 50 ஓம். 3 மில்லிமீற்றர்ச் சதுரம் ஒன்று அடிச்சால் போதும் எண்டு நினைச்சன்.

சூடாக்கி எடுத்து அளந்தால் 61. படலம் மெல்லிசாய் விழுந்திருக்கு. மையும் முடிஞ்சுது. சமர்ப்பிக்க இரண்டு நாள். அன்றிரவு நித்திரையே இல்லை.

லாப் அண்ணா சொன்னார்: "சுரண்டினால் தடை கூடும், குறையாது. முதலே குறைச்சு அடியும் தம்பி." தொழிற்சாலைகளிலும் இலக்குக்குக் கீழே அச்சடித்து, லேசரால் வெட்டித்தான் ஏற்றுவார்களாம்.

நண்பனிடம் வாங்கிய மையில், நீளத்தைக் குறைச்சு அடிச்சன். 46. பிளேட்டால மேலாகச் சுரண்டிச் சுரண்டி அளந்தன். 48. 49. 50.

முதல் தரமே சரியாய் வரோணும் எண்டு நிண்டதுதான் என்ர பிழை. திருத்த இடம் விட்டிருக்கோணும்.