முடிந்த மரத்தைக் குடைதல்

புது மரத்தைக் குடைவது ஒரு தொழில். முடிந்த மரத்தைக் குடைவது வேறொரு தொழில். முன்னதிற் பிழை நேரின் வேறு கட்டை எடுத்துக்கொள்ளலாம். பின்னதிலோ, வர்ணமும் மெருகும் பெற்று ஒருவர் கையிற் பழகிய பொருள் நம் முன்னே கிடக்கின்றது. கை தவறினால் பழைய நிலைக்கு அது மீளாது. இவ்வேற்றுமையை யாம் நூலிற் கற்றிலோம். சென்ற கோடை விடுமுறையிற் பேராவூரணியில் ஒரு தச்சுப் பட்டறையிற் கற்றோம்.

எம் தமையனார் தமது முதற் சம்பளத்தில் வாங்கிய மின்கிதார் ஒன்று எம் இல்லத்தில் உண்டு. அவர் வளைகுடா நாட்டிற்குப் பிழைப்பின் நிமித்தம் சென்றபொழுது, "ஆலயத்தில் வாசி, பத்திரமாய் வைத்துக்கொள்," என்று அதனை எம்மிடம் ஒப்புவித்தார். அக்கருவியில் ஒரு குறை இருந்தது. வாசியாத வேளையிலும் அஃது ஓயாது இரையும். சபையார் தலை தாழ்த்தி ஜெபிக்கையில், ஒலிபெருக்கி மட்டும் வண்டுபோல் முரன்றுகொண்டிருக்கும்.

இதன் காரணத்தை ஆராய்ந்தோம். வீணையில் தந்தியின் அதிர்வைக் குடம் ஏற்று ஒலியாக்குகின்றது. இத்தகைய மின்கிதாரின் உடலோ திண்ணிய பலகை. தந்திகளுக்குக் கீழே, காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செப்புக்கம்பிச் சுருளே அதன் செவி. அதனைப் பிக்கப் என்பர். எஃகுத் தந்தி அதிருந்தோறும் அச்சுருளில் மின்னோட்டம் பிறக்கும். ஆனால் அச்செவி தந்தியை மட்டும் கேட்பதன்று. நொடிக்கு 50 சுழற்சியாக நம் கட்டடங்களில் ஓடும் மின்சாரத்தின் அலைவையும் கூடவே கேட்கும். 1955-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கிப்ஸன் கம்பெனியிற் பணியாற்றிய சேத் லவர் என்பார் இதற்கு ஒரு வகை கண்டார். இரு சுருள்களைச் சுற்றும் காந்தமும் எதிரெதிராக அமையுமாறு அவர் இணைத்தார். அதனால் இரைச்சல் இரைச்சலை அழித்தது. தந்தியின் ஓசையோ ஒன்றோடொன்று கூடிற்று. இதுவே ஹம்பக்கர் எனப்படுவது. ஆயின், இரட்டைச் சுருளுக்கு ஒற்றைச் சுருளின் குழி போதாது. ஏறக்குறைய இருமடங்கு அகலம் வேண்டும். ஆகவே மரத்திற் கை வைக்க நேர்ந்தது.

முதல் முயற்சி எம் அவசரத்தின் பயன். இரவல் வாங்கிய டிரில் இயந்திரத்தை நேரே பலகையில் ஊன்றினோம். அதன் முனை வழுக்கிற்று. நகத்தளவு மேற்பூச்சு சில்லாய்த் தெறித்தது. கருஞ்சிவப்பு மெருகின் நடுவே வெளிறிய மரம் தோன்றக் கண்டு எம் உள்ளம் ஒடுங்கியது.

அதனைத் துணியிற் சுற்றி எடுத்துக்கொண்டு, எம்மூரிற் கதவும் நிலையும் செய்யும் ஆசாரியார் ஒருவரிடம் சென்றோம். அவர் இளமையில் தஞ்சாவூரில் வீணைப் பட்டறையிற் பழகியவர். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தம்பி, நீ குழியைப் பார்த்தாய், கரையைப் பார்க்கவில்லை," என்றார். பின்னர் வீணையைக் குறித்துச் சொல்லலானார். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பலாமரத்தால் ஆவது. ஒரே கட்டையிற் குடைந்து கடைந்தது ஏகாண்ட வீணை. பகுதிகளை இணைத்தது ஒட்டு வீணை. குடத்தைக் குடைகின்றவர் இடையிடையே விரலால் தட்டி, எவ்வளவு கனம் நிற்கின்றது என்று ஓசையால் அறிவாராம். "வெட்டி எறிந்தது சிராய், விட்டு வைத்ததுதான் வீணை," என்றார் ஆசாரியார். யாழின் குடைந்த உறுப்பைப் பத்தர் என்று வகுப்பிற் படித்திருந்தோம். 1947-இல் வெளிவந்த விபுலாநந்த அடிகளாரின் யாழ் நூலையும் புரட்டியிருந்தோம். அச்சொல்லின் பின்னே ஒரு தச்சனுடைய விரல் நின்றதை அன்றுதான் எண்ணிப் பார்த்தோம்.

நிற்க. வேலையைத் தொடங்குவார் என்றிருந்தோம். அவரோ, "சில்லு போனது அண்ணனுக்குத் தெரியுமா?" என்று வினவினார். யாம் மறுமொழி கூறவில்லை. "சொல்லிவிட்டு வா," என்று கருவியை மீண்டும் துணியிற் சுற்றிக் கொடுத்துவிட்டார். அன்றிரவு வடுவைப் படம் பிடித்து, நடந்ததை ஒளியாது எழுதித் தமையனாருக்கு அனுப்பினோம். மறுநாள் மாலைவரை மறுமொழி இல்லை. பின்னர் வந்தது இரண்டு வரி: "போனது போகட்டும். மீதியையாவது தெரிந்தவர் சொற்படி செய்."

ஆசாரியார் எடுத்தவுடன் கிதாரைத் தொடவில்லை. 2018 நவம்பரில் எம் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்த கஜா புயலில் விழுந்த பலாமரத்தின் துண்டுகள் அவரிடம் இருந்தன. அவற்றிற்கு மெருகு பூசி உலர்த்தி, அதன்மேற் பழகச் சொன்னார். இரண்டு துண்டுகள் கெட்டன, மூன்றாவது தேறிற்று.

பின்னரே உண்மையான வேலை. தந்திகளைக் கழற்றி, கம்பி இணைப்புகளைப் படம் வரைந்து வைத்துக்கொண்டு, பழைய பிக்கப்பை நீக்கினோம். பலகையின் கனம் 45 மில்லிமீட்டர். பின்புறக் குழியின் ஆழத்தையும் அளந்து, நடுவே எவ்வளவு மரம் எஞ்சும் என்று கணக்கிட்டோம். மேற்பூச்சின்மீது காகித நாடா ஒட்டி, குழியின் எல்லையைக் கூரிய கத்தியாற் பலமுறை கீறி மெருகை முன்னதாகவே அறுத்தோம். அவ்வாறு அறுத்த பூச்சுச் சில்லு பெயர்ந்தாலும் கீறலைத் தாண்டிப் பெரும்பாலும் ஓடாது. ஒட்டுப்பலகையிற் குழியின் வடிவை வெட்டி, அவ்வச்சை இருபுறமும் ஒட்டும் நாடாவால் உடலின்மேற் பதித்தோம். ரூட்டர் இயந்திரத்தின் வெட்டுமுனையில் உள்ள சிறு உருளை அவ்வச்சின் ஓரத்தைத் தழுவி ஓடும். எனவே முனை எல்லை கடவாது. ஒரு முறைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழ்த்தவில்லை. குழியின் உட்புறமாதலால் கடிகார முள் செல்லும் திசையில் நகர்த்தினோம். எதிர்த்திசையில் நகர்த்தினால் முனை மரத்தைப் பற்றிக்கொண்டு கையை மீறி ஓடும். சுழற்சி முற்றும் நின்ற பின்னரே இயந்திரத்தை உயர்த்தினோம். கண்ணாடியும் முகமூடியும் அணிந்திருந்தோம். ஒரு குழிக்கு அரைநாள் சென்றது. கரையில் ஒரு சில்லும் பெயரவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் அக்கருவியை இணைத்தோம். போதகர் ஜெபிக்கத் தொடங்கினார். ஒலிபெருக்கி வாளாவிருந்தது, மின்விசிறியின் ஓசையும், பின்வரிசையில் ஒரு மூதாட்டியாரின் இருமலுமே கேட்டன. அந்த அமைதியை ஆலயத்தில் எவரும் கவனித்ததாகத் தோன்றவில்லை.

பழைய வடு மட்டும் பிக்கப்பின் சட்டத்திற்கு வெளியே இன்றும் தெரிகின்றது. அதனை வர்ணத்தால் மறைக்கலாம் என்றார் ஆசாரியார். தமையனார் பார்க்கட்டும் என்று விட்டுவைத்தோம். கிறிஸ்துமஸுக்கு அவர் ஊர் வந்தார். பெட்டியைத் திறந்து, வடுவின்மேற் பெருவிரலை ஒருமுறை ஓட்டினார். யாம் நிலத்தை நோக்கி நின்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுருதி கூட்டி வாசிக்கலானார்.