ஒரு வரட்டிச் சூடு

குன்றாண்டார்கோவிலில் பாறையைக் குடைந்து எட்டாம் நூற்றாண்டில் சிவனுக்குக் கோயில் எடுத்தார்கள். அதன் முன்னே நிற்கும் நூற்றுக்கால் மண்டபம் பிற்காலத்தது, தேர் வடிவம். கல் சக்கரங்கள், தேரை இழுக்கும் கல் குதிரைகள். விடியலில் மூச்சுப் பழக நான் உட்காருவது அந்தக் குதிரைகளுக்குப் பக்கத்தில். சித்தர் வழியில் வாசி என்றால் மூச்சு. குதிரைக்கும் அதே பெயர்.

மூச்சுக்கு முன் நான் பழகியது புடம். ஆசான் நாட்டு வைத்தியர். மருந்தை அரைத்து வில்லை தட்டி, அகலில் வைத்து இன்னொரு அகலால் மூடி, சீலைமண் செய்து காயவைத்து, வரட்டித் தீயில் இடுவோம். காடைப்புடத்துக்கு ஒரே வரட்டி, கஜபுடத்துக்கு 1000. சூடு மிஞ்சினால் மருந்து கெட்டது. குறைந்தால் பஸ்பம் முடியாது. தானாக ஆறும்வரை அகலைத் திறக்கவே கூடாது.

திருமந்திரத்தில் மூச்சுக்கு மாத்திரைக் கணக்கு இருக்கிறது: இழுக்க 16, நிறுத்த 64, விட 32. அந்த 64-ஐ முதல் மாதமே எட்டிவிடத் துடித்தேன். நெற்றி தெறித்தது. கண் எரிச்சல். மூன்று இரவு தூக்கமில்லை. ஆசான் நாடி பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏந்தம்பி, வரட்டிய எண்ணி எண்ணி வைக்கிற. மூச்ச மட்டும் வாரிக் கொட்டுவியா?”

நிறுத்தலே வேண்டாம் என்றார். நாலு எண்ணி இழு, எட்டு எண்ணி விடு. எட்டு மாதம் அதுதான்.

பின்னாளில் சீனத்துத் தாவோ நெறியின் உள் ரசவாதத்தைப் படித்தபோது கை நடுங்கியது. தொப்புளுக்குக் கீழே உலை. உடற்சாரத்தை மூச்சாக்கி, மூச்சை உணர்வாக்கி, உணர்வை வெறுமையில் கரைக்கிறார்கள். தீயின் பதத்துக்கென்றே ‘ஹுவோஹோ’ என்று சொல் வைத்திருக்கிறார்கள். இங்கே குன்றைக் குடைந்ததற்கு அடுத்த நூற்றாண்டில், அங்கே தாங் வம்சத்து அரசர்கள் சிலர் பாதரசம் சேர்ந்த சாகாமருந்து தின்று மாண்டார்கள். வெளி உலையை விட்டு உள் உலைக்குத் தாவோ நெறியார் திரும்ப அந்தச் சாவுகளும் ஒரு காரணம். சித்தர் போகர் சீனம் போய்வந்தார் என்று நம் மரபு சொல்லும். இரண்டு பக்கத்தாரும் அடுப்படியில் நின்று கற்றவர்கள் என்பதே எனக்குப் போதும்.

இப்போது சில விடியல்களில் நிறுத்தல் கேட்காமலே வருகிறது. எண்ணிக்கை நின்றுவிடும், சற்றுக் கழித்து எண்ணுகிறவனும் இல்லை. மூக்கு நுனியில் குளிர்ச்சி மட்டும் இருக்கும். கோயில் மணி அடிக்கும், ஆட்கள் வருவார்கள். உள் உலை ஆறும்வரை நான் கண் திறப்பதில்லை.