பழைய மெட்டு

தாமஸ் டோர்சி சிகாகோவின் ப்ளூஸ் பியானோக்காரர். 1932 ஆகஸ்டில், செயின்ட் லூயிஸில் ஒரு எழுப்புதல் கூட்டத்தில் இருந்தபோது தந்தி வந்தது. பிரசவத்தில் மனைவி நெட்டி இறந்துவிட்டார். ஊர் திரும்பினால் கைக்குழந்தையும் தங்கவில்லை. இருவரையும் ஒரே பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள்.

கடவுளுக்கு இனி பாட்டே வேண்டாம் என்றிருந்தவர், சில நாள் கழித்து பியானோவில் உட்கார்ந்தபோது விரல்கள் 'மெய்ட்லண்ட்' என்ற பழைய ஞானப்பாட்டு மெட்டுக்குப் போயின. அதன்மேல்தான் 'பிரெஷஸ் லார்ட்' எழுதினார். புது மெட்டுப் போட அவருக்கா தெரியாது?

அம்மா போன வருஷம்தான் எனக்கு இது புரிந்தது. அடக்கத்துக்கு அப்புறம் வீட்டு ஜெபத்தில் அப்பா வாயே திறக்கல. யாரோ ஒரு ஞானப்பாட்டை ஆரம்பிக்க, மூணாவது சரணத்தில் அவர் குரல் சேர்ந்துகொண்டது. விசுவாசமா, பழக்கமா? பிரிக்கத் தெரியவில்லை.

டோர்சியின் பாட்டு 'ஏன்' என்று கேட்பதில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போகச் சொல்கிறது, அவ்வளவுதான். அப்பாவும் கேட்டதில்லை. நான்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்.